ஊசி வரிசையைத் தாண்டி

வியாழக்கிழமை நாய்க்கடி ஊசி போடும் நாள்.
எங்களுக்கு அனுமதி கிடைத்ததும் வியாழக்கிழமைதான்.
கோத்தகிரி ஆஸ்பத்திரியில் வேறு வாசல் கிடையாது,
வார்டுக்குப் போக
அந்த வரிசையைத் தாண்டியே ஆகவேண்டும்.

மழைக்கோட்டு, கம்பளிக் குல்லாய், காலில் கட்டு,
கையில் நான்காய் மடித்த சீட்டு.
பதினான்கு பேர் எங்களைப் பார்க்கிறார்கள்.
கடன் கொடுத்தவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவள்போல
தலை நிமிராமல் நடக்கிறேன்.
ரசீதுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.
வாலை ஆட்டி, ஒவ்வொரு முழங்காலுக்கும்
வணக்கம் வைத்துக்கொண்டே வரும்.
'இதுக்குமா ஊசி?' என்று ஒருத்தர் கேட்டார்.
'இது டூட்டிக்கு வருது'
என்றார் வாட்ச்மேன் நஞ்சுண்டன்,
முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

ரசீது அதன் பெயர்.
கூட்டுறவுத் தேயிலை ஆலையில்
பச்சை இலைக்கு எடை பார்த்து
ரசீது எழுதுகிறவள் நான்.
ஒரு மார்கழிக் காலை மேசைக்கு அடியில்,
கார்பன் தாள் கட்டின்மேல்,
கழுத்து கிழிந்து கிடந்தது.
சிறுத்தை கவ்வி
என்ன நினைத்ததோ, விட்டுப்போன மிச்சம்.
பன்னிரண்டு தையல்.
மருந்துச் செலவை எந்தக் கணக்கில் எழுத என்றார் மேனேஜர்.
ஈர இலைக் கழிவு என்று எழுதிவைத்தேன்.
இன்றுவரை தணிக்கையில் யாரும் கேட்கவில்லை.

பிறகு ஆறு மாதம் குன்னூரில் பயிற்சி.
தட்டு விழுந்தால் குரைக்கக்கூடாது.
சக்கர நாற்காலியைத் துரத்தக்கூடாது.
ரசீது முதல் வாரமே தேறிவிட்டது.
எனக்குத்தான் நாளாயிற்று,
'எப்படி இருக்கீங்க' என்று
படுத்திருப்பவரிடம் கேட்காமல் இருக்க.

பெண்கள் வார்டில் ஏழு கட்டில்.
இடுப்பெலும்பு முறிந்த சரோஜினி டீச்சர்
தலையணைக்கடியில் பாதி பன்னை ஒளித்துவைத்திருப்பார்.
கொடுக்கக்கூடாது என்பது அவருக்கும் தெரியும்,
சிஸ்டர் ஜெசிந்தாவுக்கும் தெரியும்,
பன்னுக்கும் தெரியும்.

ஏழாவது கட்டிலில் செவனம்மா.
கொழுந்தெடுக்கப் போன இடத்தில் கரடி.
இடப்பக்க முகம் முழுக்கக் கட்டு.
கண்ணாடி கேட்கவில்லை. கஞ்சி கேட்கவில்லை.
மகன் வந்து நின்றாலும் சுவர்ப்பக்கமே பார்வை.
மூன்று வியாழன்
ரசீது அந்தக் கட்டிலோரம் படுத்துக் கிடந்தது.
நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒன்றில் இன்னும் சேறு.

நான்காவது வியாழன்
போர்வையிலிருந்து ஒரு கை கீழே தொங்கியது.
கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரல்
ரோமத்துக்குள் போய், மெதுவாக,
முடி முளைக்காத அந்த இடத்தில் நின்றது.
தையல் தழும்பை முனையிலிருந்து முனைவரை தடவியது.

'புலியா?'

இதுதான் அவர் குரல் என்பது அப்போதுதான் தெரிந்தது.
'சிறுத்தை' என்றேன்.
ஜன்னலில் மஞ்சு வந்து அடைத்து, விலகியது.

'எனக்குக் கரடி.'

என்னிடம் சொல்லவில்லை அதை.
கதவருகே மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் ஜெசிந்தா
தட்டை அசைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார்.

வெளியே வந்ததும் ரசீது
காதில் தொடங்கி வால் நுனிவரை
உடம்பை ஒரு உதறு உதறும்,
மழையில் நனையாத நாளிலும்.
எனக்கு அது வராது.
மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்து
மடியெல்லாம் துகளாக்குவேன்.

அடுத்த வாரம் ஏழாம் கட்டிலில் வேறு ஒருவர்.
செவனம்மாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்களாம்,
தோல் ஒட்டுவதற்கு.
ரசீது கட்டிலின் நான்கு காலையும் முகர்ந்தது.
புதியவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு
'எனக்கு நாய்னா பயம், பக்கத்துல விடாதீங்க' என்றார்.
சரி என்றேன்.
ரசீது யோசித்து, பின்னால் நகர்ந்து,
மூன்று தரையோடு தள்ளிப் படுத்தது.

மூன்று ஓடு.
எண்ணி வைத்துக்கொண்டேன்.